சட்டமும் பதிவேடும் சங்கமும்

சமூக நீதி என்னும் சொல் மேடைதோறும் ஒலிக்கின்றது. அது வயலிலும் தறியிலும் எவ்வாறு வந்து சேருகின்றது என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. ஆதலின் இம்மாதப் பாடமாக அதனை எடுத்துக்கொள்கிறோம்.

ஆந்த்ரே பெத்தேய் என்னும் சமூகவியல் அறிஞர் 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் எனப் புனைபெயரிட்டு, 1965இல் நூல் வெளியிட்டார். சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் முன்னாளில் பெரும்பாலும் ஒரே கையில் கூடியிருந்தன என்றும், வாக்குரிமையும் பஞ்சாயத்தும் வந்தபின் அவை பிரியத் தொடங்கின என்றும் அவர் கண்டார்.

திருவிடைமருதூர் வட்டாரத்து முதியோர்க்கு இஃது எளிதில் விளங்கும். நிலம் மிராசுதாருடையது, பண்ணையாள் குடிசை போட்டிருந்த மனையும் அவருடையது, அவசரத்திற்குக் கடன் கொடுப்பவரும் அவரே. கூலி உயர்வு கேட்டவன் வேலையுடன் வீட்டையும் இழக்கும் நிலை இருந்தது. அவன் வாய் மூடிக் கிடந்ததற்கு இதுவே காரணம்.

இந்நிலையை மாற்ற 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு கிடைக்க அது வழி செய்தது. ஆயினும், ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் நிலமுடையோரையே அது கட்டுப்படுத்தியது. பண்ணையாட்களை நீக்கிவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் அமர்த்தும் வழக்கமும் பரவிற்று. சட்டம் காக்க வந்த உறவே மெல்ல மறைந்தது.

1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செயில் நில உடைமையாளர் பங்கை 40 சதவீதமாக வரையறுத்தது. ஆனால் குத்தகை பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்தது. உழுதவன், தான் உழுததை எதைக் காட்டி மெய்ப்பிப்பான்? 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் அவன் பெயரை ஏட்டில் ஏற்ற வழி செய்தது.

அதற்கு முன்பே பெருந்துயர் ஒன்று நேர்ந்துவிட்டது. 1968 டிசம்பர் 25 அன்று, அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், கூலித் தகராற்றின் முடிவில் 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டனர். அடுத்த ஆண்டே விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பெற்றது. 1971இல் குடியிருப்பு மனையை அதில் வாழ்வோர்க்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தது. வீடு தனதானபின் கூலி பேசும் குரலுக்கு வலிமை பிறந்தது.

நெசவாளர்க்கும் இப்பாடம் பொருந்தும். முன்பணம் வாங்கியவர் அது தீருமட்டும் வேறிடம் செல்ல இயலாது. பண்ணைக் கடனும் தறி முன்பணமும் ஒரே விலங்கின் இரு வளையங்கள். நமது பக்கத்துத் திருபுவனத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நூலும் கூலியும் தந்து, விற்பனையையும் தானே ஏற்றது. 2019இல் திருபுவனம் பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சங்கத்தில் பங்குத்தொகை எவ்வளவாயினும் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கே. ஆயினும் பொதுக்குழுவுக்கு வாராத வாக்கு, ஏட்டில் ஏறாத குத்தகையைப் போன்றது. பலர் வாராதவிடத்து அதிகாரம் சிலர் கைக்கே திரும்பிவிடும். சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நுழைய வேண்டியவர்கள் நாமே.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

1. நம் ஊரில் நிலம், கடன், பதவி ஆகிய மூன்றும் இன்று யார் யாரிடம் உள்ளன?
2. நாம் உழும் நிலத்தின் குத்தகை பதிவாகியுள்ளதா? இல்லையேல் தடை யாது?
3. சென்ற பொதுக்குழுவில் பெண் அங்கத்தினர்களும் கூலி உழைப்பாளிகளும் எத்துணைப் பேர் பேசினர்?