பாரவண்டியின் பின்வில்களை மாற்றும் முறை

ஓமலூர்ப் பகுதியில் வில்வண்டியை அறியாத குடியானவர் இலர். அதன் அடியில் வளைந்து நிற்கும் எஃகுப் பட்டைகளைப் போன்றவையே லாரியின் பின்னச்சின் மீதும் அமைந்துள்ளன. மேடுபள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்குவது மாத்திரமே அவற்றின் வேலையென்று பலர் எண்ணுகின்றனர். அச்சைச் சட்டத்தோடு பிணைத்துச் சக்கரங்களை நேராக நிறுத்துவதும் அவையே. ஆதலின் மெயின் பட்டை முறிந்தால் அச்சு விலகும். வண்டி ஒருபக்கமாக இழுக்கும். தர்மபுரியிலிருந்து ஓமலூருக்கு வரும் வழியில், தொப்பூர்க் கணவாயின் நீண்ட இறக்கத்தில் இது நேரிடின், சங்கத்தின் சரக்கிற்கும் உடன் வரும் ஆட்களுக்கும் பேரபாயமாகும்.

அறிகுறிகள்: சமதரையில் வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்றல், பட்டையில் வெடிப்பு அல்லது துருக்கோடு காணுதல், பட்டைகள் கட்டினின்று விலகியிருத்தல், பாரம் ஏற்றியதும் டயர் மேற்பலகையில் உராய்தல்.

மாற்றும் முறை: 1. பாரத்தை இறக்கி, வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவேண்டும்.

2. சட்டத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் அமர்த்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் புகலாகாது. அச்சிற்கு வேறொரு ஜாக்கி வைக்கவேண்டும்.

3. யூ போல்ட்டுகளையும், பின் இரு முனைகளிலுள்ள ஆணிகளையும் கழற்றிப் பழைய வில்லை இறக்கவேண்டும்.

4. புதிய வில்லை ஏற்றுகையில், சென்டர் போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாகப் பொருந்தவேண்டும். பொருந்தாவிடில் அச்சு கோணலாகும்.

5. புதிய யூ போல்ட்டுகளையே பூட்டி, நான்கு மரைகளையும் மாற்றி மாற்றிச் சமமாக, வண்டி செய்தோர் குறித்த அளவிற்கு முறுக்கவேண்டும். ரப்பர் புஷ் உள்ள ஆணிகளை, வண்டி தன் சக்கரங்களில் நின்றபின்னரே முற்றும் இறுக்குதல் வேண்டும்.

6. பாரத்துடன் சில நாள் ஓடியபின், பட்டைகள் அமர்ந்து மரைகள் தளர்ந்திருக்கும். மறுபடியும் முறுக்குதல் இன்றியமையாதது.

ஒருபக்கத்து வில் மாத்திரம் முறிந்திருப்பினும் இருபக்கமும் மாற்றுவதே நன்று. தளர்ந்த பழைய வில்லும் விறைத்த புதிய வில்லும் சேர்ந்தால் வண்டி சாய்ந்தே ஓடும்.

முறிந்த பட்டையைப் பற்றவைத்து ஒட்டுவது சிக்கனமன்று. சூட்டினால் எஃகின் பதம் கெட்டு, அது விரைவில் மீண்டும் முறியும். அதிகச் சரக்கேற்றுவதற்கென ஒரு பட்டை கூட்டுவதும் தவறு. வில் தாங்கினாலும் அச்சும் பிரேக்கும் டயரும் அப்பாரத்திற்கு ஏற்றனவல்ல. மாதம் ஒருமுறை பின்வில்லைப் பார்வையிடும் சங்கம், நடுவழியில் நிற்கும் வண்டிக்காகச் செலவழிக்க வேண்டியதில்லை.