முதுமையில் முறியும் எலும்பு

பெங்களூருவில் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. தமிழர் வீடுகளில் எலும்பு முறிந்தவுடன் பெரியோர் பலர் நினைவுக்கு முதலில் வருவது புத்தூர்க் கட்டு. பச்சிலை, முட்டை வெண்கரு, மூங்கில் சிம்பு, துணி ஆகியவற்றால் போடப்படும் இக்கட்டு, திருப்பதிக்கு அருகிலுள்ள புத்தூரின் பெயரால் வழங்குகிறது. சிறுவர் எலும்பு விரைந்து கூடும் இயல்புடையது. அசையாமல் நேரே நிறுத்திக் கட்டினால் பல முறிவுகள் சில வாரங்களில் ஆறிவிடும். (கோணலாகக் கூடிய கைகளும் உண்டு, ஆதலால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே நன்று.) அதே நம்பிக்கையைப் பாட்டியின் இடுப்பு முறிவிலும் வைப்பது பேராபத்து.

எலும்பு உயிருள்ள பொருள். பழையது கரைய, புதியது உருவாகிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 30 வயதுவரை வரவு மிகுதி. பின்னர்ச் செலவு மிகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இவ்விழப்பு இன்னும் விரைவாகும். இவ்வாறு எலும்பு நொய்ந்துபோவதே எலும்புப்புரை. அந்நிலையில், ஈரத் தரையில் வழுக்கி விழுவதே எலும்பு முறியப் போதுமானது.

‘இடுப்பு ஒடிந்தது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடையெலும்பின் மேற்பகுதி முறிவதையே. அதன் கழுத்து முறிந்தால், மேலுள்ள உருண்டைத் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் அறுபடக்கூடும். இரத்தம் பெறாத எலும்பு எக்கட்டினாலும் கூடாது. முறிவைக் காட்டிலும் கொடியது படுக்கை. சில நாள்களிலேயே தசை மெலியும். முதுகில் படுக்கைப்புண் தோன்றும். நுரையீரலில் சளி தேங்கி நிமோனியாவாகும். காலில் உறையும் இரத்தக்கட்டி நுரையீரலை அடைக்கவும் கூடும். இடுப்பு முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

எனவே, இயன்றவரை 48 மணி நேரத்திற்குள் அறுவை மருத்துவம் செய்து, மறுநாளே வாக்கர் பிடித்து நிற்கவைக்க மருத்துவர் முயல்வர். ‘இந்த வயதில் அறுவையா?’ என்று வீட்டார் தயங்கும் நாள்களே நோயாளியின் வலிமையைக் கரைக்கின்றன. மர்பி டவுனுக்கு அருகில் பௌரிங் அரசு மருத்துவமனையும், ஜெயநகர்ப் பக்கம் எலும்பியலுக்கென்றே சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனமும் உள்ளன.

உணவைப் பொறுத்தவரை, கருநாடகத்தின் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட கால்சியம் உண்டு. வெயிலும் நடையும் எலும்புக்குத் தேவை.

செயல்பாடு: உங்கள் வீட்டில் முதியவர் இரவில் படுக்கையிலிருந்து குளியலறைக்குச் செல்லும் வழியில் நடந்து பாருங்கள். கால் இடறக்கூடிய இடங்களையும், விளக்கோ கைப்பிடியோ இல்லாத இடங்களையும் ஐந்து தொடர்களில் எழுதுக.