கையில் அட்ரினலின் எடுக்கும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

மயக்கவியல் பட்டம் வாங்கிவிட்டாய். இனி தியேட்டரில் முடிவெடுப்பது நீதான். அதனால் டகோட்சுபோவைப் பற்றி இப்போதே எழுதுகிறேன்.

1990-இல் ஜப்பானில் ஹிகாரு சாட்டோ குழுவினர் விவரித்த இதய நோய் இது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் திடீரென்று பெருகும்போது, இடது வென்ட்ரிக்கிளின் நுனி சுருங்காமல் உப்பிப்போகும். அடிப்பகுதி மட்டும் வேகமாகச் சுருங்கும். ஈசிஜியும் ட்ரோபோனினும் மாரடைப்பு என்றே காட்டும். ஆஞ்சியோகிராமிலோ அதற்கேற்ற அடைப்பு இருக்காது.

இது துக்க வீட்டில் மட்டும் வருவதென்று நினைக்காதே. 2015-இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டின் 1750 நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். மனவேதனையால் வந்தது 28 சதவீதம். உடல் சார்ந்த காரணங்களால் வந்தது 36 சதவீதம். அறுவை சிகிச்சையும் அப்படியொரு காரணம்தான். நோயாளிக்கு நினைவில்லை என்றாலும் உடல் விழித்தே இருக்கிறது. மயக்கம் ஆழமாகும் முன் ட்யூப் போட்டாலும், ட்யூப் எடுக்கும்போதும், ரெக்கவரியில் வலி அடங்காவிட்டாலும் ஹார்மோன் ஏறும்.

ரத்த அழுத்தம் சரிந்தால் கை தானாக அட்ரினலினைத் தேடும். நாடியே நின்றுவிட்டால் தயங்காமல் விதிமுறைப்படி கொடு. நாடி இருந்தால் முதலில் எக்கோ பார். நுனி உப்பி, அடிப்பகுதி மிகையாகச் சுருங்கும் சிலருக்கு, ரத்தம் வெளியேறும் பாதையே நெருக்கப்படும். அவர்களுக்கு அட்ரினலினும் டோபுடமினும் நெருக்கத்தைக் கூட்டி அழுத்தத்தை இன்னும் வீழ்த்தும். நுரையீரலில் நீர் கோக்காதவரை திரவமும், ஃபினைலெஃப்ரினும், பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் எஸ்மோலாலும்தான் அங்கே உதவும். இதய மருத்துவரையும் உடனே கூப்பிடு. ஆஞ்சியோகிராம் பார்க்காமல் டகோட்சுபோதான் என்று முடிவு கட்டாதே. உண்மையான மாரடைப்பு கைநழுவிவிடும்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்காக லேசாக எடுத்துக்கொள்ளாதே. மருத்துவமனையிலேயே இறப்பவர்களின் விகிதம் மாரடைப்புக்குச் சளைத்ததல்ல. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். முன்பு வந்ததுண்டா என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் குறித்துவை.

வருமுன் காப்பதும் நம் வேலைதான். முதல் நாள் மாலையே வார்டுக்குப் போ. "பயமா இருக்கு டாக்டர்" என்று சொல்லும் அம்மாவிடம் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு நகராதே. எதற்குப் பயம் என்று உட்கார்ந்து கேள். வலி மருந்தை வலி வருவதற்கு முன்பே எழுதிவை.

அன்புடன்,
உன் அக்கா