பெரும்பாடும் தொழுகையும்

மாதவிலக்கு நாட்களில் தொழுகை இல்லை என்பது நம் வீட்டுச் சிறுமியரும் அறிந்த சட்டம். உதிரம் நிற்காமல் வாரக்கணக்கில் போனால் என்ன செய்வது? பெரும்பாடு என்னும் இந்நோயை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, தொழுகையையும் விட்டு, உடம்பையும் கெடுத்துக்கொள்ளும் சகோதரிகள் உண்டு.

ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் இதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். அது நரம்பிலிருந்து வரும் உதிரம், மாதவிலக்கன்று. விலக்கு நாட்கள் கழிந்ததும் தொழ வேண்டும் என்று விளக்கம் பெற்றார்கள்.

இதுவே இஸ்திஹாளா. விலக்கின் அதிகபட்சம் ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாள். ஹனஃபி மத்ஹபில் 10 நாள். அதைத் தாண்டினால், விலக்கு எத்தனை நாள் என்பதை அவரவர் வழக்கத்தையும் உதிரத்தின் தன்மையையும் சொல்லி ஆலிமிடம் தெரிந்துகொள்க. விலக்கு முடிந்ததும் குளித்து, பின்னர் ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்தபின் கழுவி, துணி கட்டி, ஒளுச் செய்து, தாமதியாமல் தொழ வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். 15 நாள் என்பது தொழுகைக்கான கணக்கு. மருத்துவரிடம் போகக் காத்திருக்கும் தவணையன்று. ஏழு நாளுக்கு மேல் போனாலும், மணிக்கொரு துணி நனைந்தாலும், பெரிய கட்டிகள் விழுந்தாலும் உடனே காட்டுங்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் உதிரம் பட்டாலும் அப்படியே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முழுதும் நின்று வேலை செய்பவர் தலைசுற்றலையும் மூச்சு வாங்குவதையும் வேலைக் களைப்பென்று தள்ளிவிடக் கூடாது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும்.

கருப்பைக் கட்டி, தைராய்டுக் கோளாறு, இரத்தம் உறையாமை எனக் காரணம் பல. அதற்கேற்பவே சிகிச்சை. உதிரப் போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை உண்டு. முன்பு இரத்தக்குழாய் அடைப்பு வந்தவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஹார்மோன் மாத்திரையும், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு. சாதனம் வைத்த முதல் சில மாதங்களில் சொட்டுச் சொட்டாக உதிரம் படலாம். அந்நாட்களின் சட்டத்தையும் கேட்டுவைத்துக் கொள்க.

கர்ப்பப்பையை எடுப்பது கடைசி வழி. தேவையற்ற இவ்வறுவை சிகிச்சைகளைத் தடுக்கும் விதிமுறைகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. ஆகவே, எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால் பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இன்னொரு முறை கேளுங்கள்.

கணவன்மார்களே! அவள் கேட்க வெட்கப்பட்டால் நீங்கள் அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ் நம் பெண்மக்களுக்குப் பூரண சுகம் அருள்வானாக! ஆமீன்.