எழுந்து நிற்க உதவும் நாற்காலி

சக்கர நாற்காலியில் இருக்கும் நம் உறவினருக்கு உணவும் மருந்தும் தவறாமல் கொடுக்கிறோம். ஆனால் நாளெல்லாம் ஒரே இருப்பாக உட்கார்ந்தால் இரத்த ஓட்டம் குறையும், எலும்பு வலுவிழக்கும், அழுத்தப் புண் வரும். உணர்ச்சியற்ற உடம்பில் புண்ணின் வலியும் தெரியாது.

கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழுவினர் உருவாக்கிய ‘அரைஸ்’ நாற்காலி 2019இல் வெளிவந்தது. அமர்ந்திருப்பவர் தாமே அதை இயக்கி எழுந்து நிற்கலாம். நெடுநாள் நிற்காதவர்கள் மருத்துவரிடம் எலும்பையும் மூட்டையும் காட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

அந்த நாற்காலி இல்லாத வீட்டிலும் நாம் செய்யக்கூடியது உண்டு. அடிக்கடி இடுப்பைச் சற்றுத் தூக்கி அமர்த்துவோம். தினமும் இடுப்பு, குதிகால் தோலைப் பார்ப்போம். நிறம் மாறி மறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுவோம். இன்ஷா அல்லாஹ், புண்ணை வருமுன் தடுக்கலாம்.