நம்ம பள்ளிக்கூடத்துக் கணக்கை நாமே பார்க்கலாம்



ஐப்பசி, கார்த்திகை வந்தால் செம்பரம்பாக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "ஏரி இன்னிக்கு எத்தனை அடி?" முழு உயரம் 24 அடி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கணக்கைக் கேட்காமல் நமக்குத் தூக்கம் வருவதில்லை. குடிநீர் வாரியம் அதைத் தினமும் இணையத்தில் போடுகிறது. யாரும் மனு எழுதிக் கேட்க வேண்டியதில்லை.

அதே மாதிரி ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கணக்கு இணையத்தில் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை.

இந்தப் பேச்சு வந்ததே ஒரு அக்காவால்தான். "ஏழாவது படிக்கிற பொண்ணு. காலையில கொடுத்தனுப்புற தண்ணி பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருதும்மா. குடிச்சா பாத்ரூம் போகணுமாம், அங்க போக முடியாதாம்" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர், "எங்க வீட்லயும் அதே கதைதான்" என்றார்கள். பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டே இருந்தால் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் வரும்.

சரி, கணக்கு எங்கே இருக்கிறது? அதன் பெயர் யூடைஸ் பிளஸ். நாடு முழுக்க எல்லாப் பள்ளிகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கிற கணக்கு. 2012-13 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே கணக்காக எடுக்கிறார்கள். போனில் 'யூடைஸ் பிளஸ்' என்று தேடி, 'உங்கள் பள்ளியை அறியுங்கள்' என்ற பகுதிக்குப் போக வேண்டும். பள்ளியின் 11 இலக்க எண்ணைப் போட்டால் போதும். பல பள்ளிகளில் அந்த எண்ணைச் சுவரிலோ பெயர்ப்பலகையிலோ எழுதியிருப்பார்கள். நம்ம மாநிலப் பள்ளி என்றால் 33-ல் தொடங்கும். எண் தெரியாவிட்டால் பள்ளியின் பெயரைப் போட்டும் தேடலாம். பக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற நம்ம பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது. ஓ.டி.பி. கேட்டாலோ பணம் கேட்டாலோ அது வேறு ஏதோ பக்கம், உடனே மூடிவிடுங்கள்.

அதில் என்ன பார்க்கலாம்? பிள்ளைகள், ஆசிரியர்கள், வகுப்பறைகள், குடிநீர், கை கழுவும் இடம், நூலகம், மின்சாரம், சாய்தளம் எல்லாம் வரும். கழிப்பறை ஆண், பெண் தனித்தனியாக இருக்கும். எத்தனை இருக்கிறது என்பது ஒரு வரி, அதில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்பது இன்னொரு வரி. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அளவோடு இதை ஒப்பிட வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. கணக்கில் 84 பிள்ளைகளும் 2 ஆசிரியரும் என்று இருந்தால் ஒருவர் குறைகிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர் இரண்டும் இந்தச் சட்டத்திலேயே உள்ளவை. நாம் சலுகை கேட்கவில்லை.

இங்கே என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியின் கணக்கில் 'பெண்கள் கழிப்பறை 2, இரண்டும் பயன்பாட்டில்' என்று பார்த்தேன். நேரில் போனால் ஒன்று பூட்டியிருந்தது, உள்ளே உடைந்த பெஞ்சுகள். இன்னொன்றில் தண்ணீர் இல்லை. "பொய்க் கணக்கு எழுதியிருக்கீங்களே" என்று ஹெச்.எம். அறையில் சத்தம் போட்டுவிட்டேன். அவர் அமைதியாக, "இது போன வருஷம் போட்ட கணக்கும்மா. மோட்டார் ஏப்ரல்ல போச்சு. நானும் எழுதிப் போட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று மூன்று கடித நகல்களை எடுத்து வைத்தார். கணக்கின் தலைப்பில் எந்த ஆண்டு என்று போட்டிருந்தது. நான்தான் பார்க்கவில்லை. (பெஞ்சுக்கு அவரிடம் பதில் இல்லை, அது வேறு விஷயம்.)

அதற்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டோம். கணக்கை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நேரில் கண்டதைத் தேதியோடு எழுதினோம். தாய்மார்கள் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தார்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தீர்மானம் எழுதி, ஹெச்.எம். கடித நகல்களையும் சேர்த்து வட்டாரக் கல்வி அலுவலருக்கும் பி.டி.ஓ. ஆபீசுக்கும் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் மோட்டார் வந்தது. பூட்டிய அறை திறக்க இன்னும் ஒரு மாதம் ஆனது.

அங்கேயும் நடக்காவிட்டால் கிராம சபை இருக்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை என்று ஆக்கியிருக்கிறார்கள். இணையத்தில் இல்லாத விவரத்துக்கு 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நமக்கு வேண்டியது பள்ளியின் விவரம் மட்டும். பிள்ளைகளின் பெயர், எமிஸ் எண், ஆதார், போட்டோ எதையும் எழுதவோ வாட்ஸ்அப்பில் போடவோ வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் 11 இலக்க எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். ஊக்குநர்கள் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கவும். சந்தாவும் சேமிப்பும் முடிந்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், ஒவ்வொரு பள்ளியாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.