பேசுவதற்கு முன் ஒரு படம் போடுங்கள்

"தைப்பூசத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கேட்கப் போகிறவர்களில் பாதிப் பேர் மலாய், சீன நண்பர்கள். உடனே என்ன செய்வோம்? முதல் வரியிலிருந்து எழுத உட்காருவோம். "தைப்பூசம் என்பது..." அதோடு பேனா நின்னுடும். விஷயம் தெரியாமல் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முட்டுது, அவ்வளவுதான்.

இதற்குக் கைகொடுப்பது மன வரைபடம். 1974இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் வழியாக இதைப் பிரபலமாக்கியவர் டோனி புசான். ஆனால் விஷயத்தைக் கிளைகிளையாகப் பிரிப்பது நமக்குப் புதுசா என்ன? மூன்று பால், 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள். திருக்குறளை வரைந்து பாருங்கள், அழகான மரம் கிடைக்கும்.

தாளைப் படுக்கை வாட்டத்தில் வையுங்கள். நடுவில் 'தைப்பூசம்' என்று எழுதி வட்டம் போடுங்கள். சுற்றிக் கிளைகள்: நாள், வேல், விரதம், காவடி, பத்துமலை. கிளைக்கு ஒரு சொல் போதும், வாக்கியம் வேண்டாம். மனசுக்கு வந்த வரிசையிலேயே போடலாம். கலர் அடித்து, பூ வரைந்து ஒரு சாயங்காலத்தையே போக்குகிறவர்களும் உண்டு. அது வேண்டாத வேலை.

இப்போது தள்ளி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பத்துமலைக் கிளை கொழுத்திருக்கும்: 272 படி, 42.7 மீட்டர் சிலை, 2006இல் திறப்பு. காவடிக் கிளை மொட்டையாக இருக்கும். ஆனால் நண்பர்கள் கேட்கப் போவது அங்கேதான். "வலிக்காதா? ஏன் குத்திக்கிறாங்க?" பதில் இல்லாமல் சிரித்து மழுப்பினால், நம் சமயமே ஒரு வேடிக்கை என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டு போவார்கள். படம் அந்த ஓட்டையை முதல் நாளே காட்டிவிடுகிறது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு நிரப்புங்கள்: நேர்த்திக்கடன், பல நாள் விரதம், இரண்டு மலைகளைத் தோளில் சுமந்து வந்த இடும்பன் கதை, அலகு குத்தாமல் பால்குடம் மட்டும் எடுப்பவர்கள்.

அடுத்து, யாருக்குப் பேசுகிறோம்? வள்ளுவர் 'சொல்வன்மை'க்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நிற்காமல் 'அவையறிதல்' என்று தனியாகவும் ஒன்று வைத்தார். அந்த நண்பர்களுக்குப் பூச நட்சத்திரக் கணக்கு ஏறாது, நேர்த்திக்கடன் புரியும். திருமுறை வகுப்புச் சின்னப் பிள்ளைகள் என்றால் இடும்பனிலிருந்து தொடங்குங்கள். எடுத்த கிளைகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். பத்து நிமிஷத்துக்கு மூன்று கிளை தாராளம். மிச்சத்தை வெட்டத்தான் மனசு வராது, வெட்டுங்கள்.

மேடைக்கும் அந்தத் தாளையே கொண்டு போங்கள். யாராவது நடுவில் கேள்வி கேட்டாலும் விட்ட இடம் ஒரே பார்வையில் தெரியும்.

கோயில் நிர்வாகத்திடம் இளைஞர் கூட்டத்துக்கு மண்டபம் கேட்கப் போகும்போதும் இதே முறைதான். அதில் தலைவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கென்றே ஒரு கிளை வையுங்கள்: கரண்ட் பில், கூட்டிப் பெருக்குவது, நேரம். முக்கியமாக, கூட்டம் முடிந்து யார் பூட்டுவார்கள், சாவி யாரிடம் இருக்கும் என்பதற்குப் பதில் எழுதாமல் போகாதீர்கள்.